ஒரு பானைச் சோறும் சில ஆயிரம் பில்களும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைந்திருப்பதால் இன்று உட்கார்ந்துவிட்டேன். தலைப்பைப் பார்த்து சமையல் குறிப்பு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது கணக்குத் தணிக்கையில் சாம்பிள் எடுப்பதைப் பற்றிய கதை. ஓடிவிடாதீர்கள், உள்ளே கொஞ்சம் சோழர் காலமும் இருக்கிறது :-)

கதை ஆரம்பித்தது வெள்ளகவியில். கொடைக்கானலில் வட்டக்கானல் தாண்டி, டால்பின் நோஸ் பாறைக்குக் கீழே, பழனி மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். காட் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கு ஏறிய பழைய நடைபாதைகளில் ஒன்று இந்த வழி. சில வருடங்களுக்கு முன் நானும் என் நண்பனும் போனபோது அங்கே வண்டி போகும் ரோடு கிடையாது. அரிசி, பருப்பு, சிமெண்ட் எல்லாம் தலைச்சுமை இல்லையென்றால் குதிரை முதுகு. உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித்தான் மேலே தூக்கி வர வேண்டும். ஊருக்குள் கோயில்கள் அதிகம், அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். மேலே இருந்து முட்டி கழன்று இறங்கி வந்தோம். அன்றைக்கே கும்பக்கரை வரைக்கும் இறங்குவது திட்டம்.

ஊரில் ஒரு அக்கா வீட்டில் சாப்பாடு சொல்லியிருந்தோம். பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பசி. நண்பன் கரண்டியை எடுத்து மேலாப்பில் இருந்து ரெண்டு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, "வெந்திடுச்சுக்கா" என்றான்.

அந்த அக்கா சிரித்துவிட்டார். "மேலாப்புல எடுத்தா என்ன தம்பி தெரியும்? அடியோட ஒரு கிண்டு கிண்டிட்டுல்ல எடுத்துப் பாக்கணும்."

நண்பன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காரணம், அவன் பிழைப்பே அதுதான். அவன் ஆடிட்டர்.

கும்பக்கரை இறங்கும் வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வந்தோம். பொட்டி தட்டுபவனான எனக்கு ஆடிட் என்றாலே இளக்காரம். "வருஷத்துக்கு ஒரு லட்சம் பில் போடுற கம்பெனில நீங்க அறுபது பில்லைப் பாத்துட்டு கையெழுத்துப் போடறீங்க. இது ஏமாத்து வேலை இல்லையா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்களும், பிறகு நான் தேடித் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பானை முழுக்க ஒரே தீயில், ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கிண்டிவிட்டு எடுக்க வேண்டும். கணக்குப் புத்தகம் கிண்டிவிட்ட பானை அல்ல. தப்பு நடந்த பில்கள் ஒரே மாதத்திலோ, ஒரே கிளையிலோ, ஒரே ஆள் கையெழுத்திலோ அடிபிடித்த சோறு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மேலாப்பில் எடுத்தால் மாட்டவே மாட்டாது. அதனால் எத்தனை எடுத்தோம் என்பதற்கு முன்னால் எப்படி எடுத்தோம் என்று கேட்க வேண்டும். எந்தப் பருக்கை என்பதை யார் முடிவு செய்தார்கள்?

இந்தக் கேள்விக்கு நம்ம ஊரில் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே ஒரு பதில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919லும் 921லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்விக்குப் படித்திருப்போம். படித்து, எழுதி, மறந்திருப்போம். ஆனால் அந்த நடைமுறையை ஒரு புரோகிராமர் கண்ணோடு திரும்பப் படித்துப் பாருங்கள். அசந்துவிடுவீர்கள்.

ஊருக்கு 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். சபை முழுக்கக் கூடியிருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்கிறார்கள். அதை இன்னொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து அதே பையன் ஒரு ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக்கூடாது இல்லையா, அதற்குத்தான்! பிறகு அவன் வாசிக்க, அங்கிருக்கும் நம்பிமார்களும் வாசிக்கிறார்கள். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

இது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைதான், கணக்கைச் சோதிக்கும் முறை இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கணக்குக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர்கள் பெயரைக் குடத்தில் போடவே கூடாது, அவர்களுடைய நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் போடக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்கிறது. குலைப்பது, தெரியாத கையால் எடுப்பது, எடுத்ததை யாரும் மாற்ற முடியாதபடி பார்ப்பது. இந்த மூன்றும்தான் இன்றைக்கும் சாம்பிளிங்கின் உயிர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குடத்தில் ஓலை விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவில் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிரம்மதேய ஊர். பெண்களுக்கும், உழுதவர்களுக்கும், நிலமில்லாதவர்களுக்கும் குடத்தில் ஓலையே கிடையாது. குடத்தில் இல்லாத பெயரை எவ்வளவு நேர்மையான பையனாலும் எடுக்க முடியாது. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே நாணயச் சாலைக்கு ஒரு சோதனை உண்டு. அடிக்கும் நாணயங்களில் அவ்வப்போது ஒன்றை எடுத்து ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பார்கள். பிக்ஸ் என்று அந்தப் பெட்டிக்குப் பெயர். பிறகு ஒரு நாள் வெளியாட்கள் முன்னிலையில் திறந்து, எடை போட்டு, உருக்கிப் பார்ப்பார்கள். நம்ம ஐசக் நியூட்டன் நாணயச் சாலைத் தலைவராக இருந்தபோது அவரும் இந்தச் சோதனைக்கு உட்பட்டவர்தான். முழுசாகச் சோதிக்க முடியாததைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்து முழுசுக்கும் தீர்ப்புச் சொல்வது, இத்தனை பழைய பழக்கம்.

அதில் ஒரு சுவாரசியமான ஓட்டை இருந்தது. ஒரு நாணயத்துக்கு இவ்வளவு எடை கூடக் குறைய இருக்கலாம் என்று ஒரு சலுகை அளவு வைத்திருந்தார்கள். மொத்தமாக எடை போடும்போது அந்தச் சலுகையை நாணய எண்ணிக்கையால் பெருக்கிவிட்டார்கள். 100 நாணயம் என்றால் 100 மடங்கு சலுகை. ஆனால் தற்செயலான தவறுகளில் ஒன்று கூடும், ஒன்று குறையும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 100 நாணயத்துக்கு நியாயமான சலுகை சுமார் 10 மடங்குதான் (வர்க்கமூலம்!). சாம்பிளிங்கின் அடிப்படைக் கணக்கே இந்த வர்க்கமூலம்தான். தவறைப் பாதியாகக் குறைக்க நாலு மடங்கு சாம்பிள் வேண்டும். அதே சமயம் பானை பெரிதா அண்டா பெரிதா என்பது அவ்வளவு முக்கியமில்லை. நன்றாகக் கிண்டியிருந்தால் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு பருக்கை போதும். "லட்சம் பில்லுக்கு அறுபதா?" என்ற என் நக்கல் இங்கேயே பாதி செத்துப்போச்சு.

19ஆம் நூற்றாண்டில் ரயில்வேயும் பெரிய மில்களும் வந்தபிறகு ஒவ்வொரு வரியையும் டிக் அடிப்பது முடியாத காரியம் ஆனது. ஆடிட்டர்கள் 'டெஸ்ட் செக்' என்று கொஞ்சம் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதை எடுப்பது என்பது அவரவர் அனுபவம், அவரவர் கை. 1896ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி மில் வழக்கு வந்தது. மேனேஜர் வருடக்கணக்காக ஸ்டாக்கைக் கூட்டிக் காட்டியிருந்தார். ஆடிட்டர்கள் அவர் கொடுத்த சான்றிதழை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், வேட்டை நாய் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அவர்களை விட்டுவிட்டது. ஆடிட்டர்கள் இன்றைக்கும் மேடையில் சொல்லும் வசனம் அது. என் நண்பன் உட்பட.

அவரவர் கையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்தணிக்கைக்கு பில் தேர்ந்தெடுக்கும் ஒரு சின்ன மாட்யூல் எழுதினேன். ராண்டமாக எண்கள் வர வேண்டும். டெஸ்டிங்கில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் சரிபார்ப்பது கஷ்டம் என்று விதை எண்ணை நிலையாக வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன். பில் எண்ணோ மாதாமாதம் 1லிருந்து ஆரம்பிக்கும். பலன்? ஒவ்வொரு மாதமும் 17, 43, 108 என்று அச்சடித்த மாதிரி அதே எண்கள். எட்டு மாதம் ஓடியது. கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பில் போடும் குமாஸ்தா. "சார், இந்த நம்பர் பில்லைத்தான் எப்பவும் கேப்பாங்க, அதுக்கு மட்டும் பேப்பர் எல்லாம் கரெக்டா வெச்சிருவோம்" என்று வெள்ளந்தியாகச் சொன்னார். மத்த பில்களை என்ன செய்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உத்திரமேரூர்ப் பையனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. என் குமாஸ்தாவுக்கு எந்த ஓலை வரும் என்றே தெரியும்!

எடுப்பது ஒரு பாதி என்றால், எடுத்த இடத்துக்குப் போவது இன்னொரு பாதி. இதற்கு நம் நாட்டில் வழி காட்டியவர் ஆடிட்டர் இல்லை, புள்ளியியல்காரர். கல்கத்தாவில் 1931ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்த பி.சி. மஹலனோபிஸ். 1930களின் கடைசியில் வங்காளத்தில் சணல் எவ்வளவு பயிராகிறது என்று கண்டுபிடிக்க, எல்லா வயலையும் எண்ணாமல் குலுக்கலில் வந்த துண்டு நிலங்களை மட்டும் பார்க்கும் சர்வே நடத்தினார். ஒவ்வொரு வயலாக எண்ணும் முறையைவிடச் செலவு மிகக் குறைவு. ஒரே இடத்தில் ரெண்டு தனித்தனி சாம்பிள் எடுத்து, ரெண்டு தனித்தனி குழுவை அனுப்பி, ரெண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வழியையும் கொண்டுவந்தார். ஒரு குழு மரத்தடியில் உட்கார்ந்து கதை எழுதினால் ரெண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும் இல்லையா? சர்வே எடுப்பவனுக்கே ஆடிட்!

சுதந்திரத்துக்குப் பிறகு அவர் முயற்சியில் தேசிய மாதிரி ஆய்வு வந்தது. முதல் சுற்று 1950 அக்டோபர் முதல் 1951 மார்ச் வரை, 1833 கிராமங்கள். பட்டியலில் வந்தது மலையோ காடோ, ஆள் போயே ஆக வேண்டும். பஸ் போகும் ஊராகப் பார்த்து எடுத்தால் அது பஸ் ரூட்டின் கணக்காக இருக்கும், இந்தியாவின் கணக்காக இருக்காது.

போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 1938ல் வெடித்த மெக்கஸன் அண்டு ராபின்ஸ் சாட்சி. மருந்துக் கம்பெனி. புத்தகத்தில் மொத்தச் சொத்து சுமார் 8.7 கோடி டாலர். அதில் சுமார் 1.9 கோடி டாலர் வெறும் காகிதம். கனடாவில் சரக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள், அப்படி ஒரு சரக்கே இல்லை. காஸ்டர் என்ற பெயரில் கம்பெனித் தலைவராக இருந்தவர் நிஜத்தில் மியூசிகா என்ற பழைய மோசடிப் பேர்வழி. பேப்பர்கள் எல்லாம் கச்சிதம். கோடவுனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போது விதி இல்லை, அதனால் ஆடிட்டர்கள் போகவில்லை. 1939ல்தான் அங்கே சரக்கை நேரில் பார்ப்பது கட்டாயம் ஆனது.

இனி என் துறைக்கே வருகிறேன். 2009 ஜனவரி 7. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் சத்யத்தில் வேலை பார்த்தார், அன்று சாயந்திரம் அவர் வீட்டில் யாரும் டிவியை அணைக்கவில்லை. ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, புத்தகத்தில் இருந்த ரூ.5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை. அடுத்து வந்த சிபிஐ விசாரணையில் இன்னொரு கணக்கு வெளிவந்தது. 2003 ஏப்ரல் முதல் 2008 டிசம்பர் வரை போட்ட 74,625 இன்வாய்ஸ்களில் 7,561 போலி. சிஸ்டத்திலேயே ஒளித்து வைக்கப்பட்டவை.

கால்குலேட்டரை எடுத்தேன். பத்தில் ஒன்று போலி. கிண்டிவிட்டு 30 இன்வாய்ஸ் எடுத்தால் ஒரு போலிகூட சிக்காமல் இருக்க வாய்ப்பு சுமார் 4 சதவீதம். 60 எடுத்தால் 0.2 சதவீதத்துக்கும் கீழே. அதாவது என் நண்பனின் அறுபதே போதும்! (நூற்றில் ஒன்றுதான் போலி என்றால் கதை வேறு. அப்போது அறுபது எடுத்தாலும் பாதிக்குப் பாதிக்கு மேல் தப்பிக்க வாய்ப்பு உண்டு. சாம்பிள் ஒன்றும் மந்திரக்கோல் இல்லை.)

அப்படியானால் ஏன் வருடக்கணக்காக மாட்டவில்லை? போலி இன்வாய்ஸ் கையில் வந்தாலும் அது நிஜ இன்வாய்ஸ் மாதிரியேதான் இருக்கும். அதே லோகோ, அதே எண் வரிசை. அதை வெளியே கொண்டுபோய் வாடிக்கையாளரிடமோ வங்கியிடமோ நேராகக் கேட்டால்தான் உடையும். வங்கி இருப்பை உறுதி செய்யும் கடிதங்களை ஆடிட்டர்கள் தாங்களே நேரடியாக அனுப்பி வாங்காமல் கம்பெனி நிர்வாகத்தின் கையில் விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011ல் குற்றம் சாட்டி அபராதம் போட்டது. 2015ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, ரெண்டு முன்னாள் ஆடிட்டர்களும் அதில் உண்டு. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

இந்த ரெண்டு விதத் தவறுக்கும் ஆடிட் பாடத்தில் தனித்தனிப் பெயர் இருக்கிறது என்றான் நண்பன். எடுத்த பருக்கை பானையைப் போல் இல்லாமல் போவது சாம்பிளிங் அபாயம். இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பருக்கை சரியாகக் கையில் வந்தும் அது வேகவில்லை என்று நமக்குத் தெரியாமல் போவது சாம்பிளிங் சாராத அபாயம். இதற்குச் சூத்திரம் கிடையாது. கால் கடுக்க நடப்பதும், நேராகக் கேட்பதும்தான் வழி.

கும்பக்கரை கிட்ட வந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் அவன் ஒன்று சொன்னான். ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் இருந்தபோது, ஊர் ஊராகக் கோடவுன் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு ஸ்டாக் பார்க்கப் போனார்களாம். குலுக்கலில் எட்டு கோடவுன் வந்தது. அதில் ஒன்று மலை மேலே, பஸ்ஸை விட்டு இறங்கி ரொம்ப தூரம் நடக்க வேண்டும். "மழை வேற. பக்கத்துல இருந்த இன்னொரு கோடவுனை எண்ணிட்டு, லிஸ்ட்ல பேரை மாத்திட்டோம் மச்சி."

"அங்க ஏதாவது தப்பு நடந்திருந்துச்சா?"

"தெரியாது. அதான் பிரச்சினையே. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நாங்க யாருமே அங்க போகல."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. இந்தியாவில் ஆடிட் சாம்பிளிங்குக்கு எஸ்.ஏ. 530 என்று ஒரு தரநிலை இருக்கிறது. மொத்தக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தேர்வாக ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதுதான் அதில் சாம்பிளிங்குக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தின் சாரம். படிக்கும்போது வறட்டு வாக்கியம். ஆனால் பட்டியல் போடுபவன் பேனாவுக்கு ரோடு இருக்கும் ஊர்தான் முதலில் தெரியும். குதிரை மட்டும் போகும் ஊருக்கு அங்கே எப்போதும் கடைசி இடம். குலுக்கல் சீட்டுக்கு அது தெரியாது. சீட்டு என்பது வெள்ளகவிக்கும் அண்ணா சாலைக்கும் ஒரே எடை கொடுக்கும் ஒரே அதிகாரி. முதல் வேலை, பெயர் குடத்தில் இருக்க வேண்டும். ரெண்டாவது வேலை, சீட்டில் வந்துவிட்டால் நடக்க வேண்டும். தணிக்கை சரியாக நடந்ததா என்று யாராவது என்னிடம் கேட்டால் இனிமேல் நான் எண்ணிக்கையைக் கேட்க மாட்டேன். பட்டியலில் இருந்த ரொம்ப தூரமான இடம் எது, அங்கே யார் போனார்கள் என்று கேட்பேன்.

ஊருக்கு வந்ததும் பழைய கம்பெனி நண்பர் ஒருவருக்கு போன் போட்டு அந்த மாட்யூலில் விதை எண்ணை எடுத்துவிட்டார்களா என்று விசாரித்தேன். எடுத்துவிட்டார்களாம். அந்த எட்டு மாத பில்களை யாரும் திரும்பப் பார்க்கவில்லையாம்.

பி.கு: சோறு நன்றாக வெந்திருந்தது. நண்பன் சொன்னதைவிட ஒரு கால் மணி நேரம் கழித்து :-)